ஊரை வளர்ப்பது எது?

ஜெர்மானிய தேசத்துச் சிற்றூர்கள் சில, ஓடைக்கரை நீராலை ஒன்றைச் சுற்றியே வளர்ந்தன. திருச்சிராப்பள்ளிக்கு வடக்கே, கொள்ளிடத்துக்கு அப்பாலுள்ள சமயபுரமோ மாரியம்மன் சந்நிதியைச் சுற்றி வளர்ந்தது. ஆலையின் பயன் தீர்ந்தால் அதனை நம்பிய ஊரும் தேய்வதுண்டு. வழிபாட்டை நம்பிய ஊருக்கும் அவ்விதி பொருந்துமா?

இங்குள்ள கண்ணனூர், 13ஆம் நூற்றாண்டில் ஹொய்சள மன்னன் வீர சோமேசுவரனின் தென்னாட்டுத் தலைநகராக விளங்கியது. அவனது ராஜ்யம் காலப்பிரவாகத்தில் கரைந்தது. போஜீசுவரர் ஆலயமே அவன் நினைவைத் தாங்கி நிற்கிறது. ஆகவே, அதிகாரம் ஊரை நிலைநிறுத்தவில்லை.

அம்மை நோயின் அச்சமே ஜனங்களை மாரியிடம் செலுத்தியது என்பாரும் உளர். அங்ஙனமாயின், பெரியம்மை உலகினின்றும் ஒழிந்ததென 1980இல் அறிவிக்கப்பட்ட பின், சித்திரைத் தேருக்குப் பாதயாத்திரையாக வரும் பெருங்கூட்டம் குன்றியிருக்க வேண்டுமன்றோ? குன்றவில்லை.

மாசிக் கடைசி ஞாயிறன்று பூச்சொரிதலோடு தொடங்கி 28 நாட்கள், பக்தரின் க்ஷேமத்துக்காக அம்மனே பச்சைப் பட்டினி விரதம் ஏற்கிறாள் என்பது இத்தலத்து ஐதிகம். அந்நாட்களில் சமைத்த நைவேத்தியம் இன்றி, துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர் போன்றவையே படைக்கப்படுகின்றன. மனிதன் தெய்வத்துக்காக நோற்பது எங்கும் உள்ள வழக்கம். தெய்வம் மனிதனுக்காகப் பசித்திருக்கிறது என்னும் பாவனையோ, அச்சத்தை அன்பாக மாற்றிவிடுகிறது. பயத்தில் பிறந்த பக்தி பயத்தோடு மாயலாம். தாயன்பில் வேரூன்றிய பக்திக்கு நோயும் வேண்டுவதில்லை, அரசும் வேண்டுவதில்லை.