முறுக்கும் எதிர்முறுக்கும்

சில வருஷங்களுக்கு முன்பு, அருப்புக்கோட்டையில் ஒரு பள்ளியில் பிளஸ் டூ வகுப்புக்குப் புரதங்கள் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். நம் தோலுக்கும் எலும்புக்கும் தசைநாணுக்கும் உறுதி தருவது கொலாஜன் என்ற புரதம். மூன்று இழைகள் சேர்ந்து முறுக்கிய கயிறு மாதிரி இருக்கும் என்றேன். அதோடு விட்டிருக்கலாம். கரும்பலகையில் படம் போட்டு, தனி இழை எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அதே பக்கம்தான் மூன்றும் சேர்ந்து சுற்றும் என்றும் சொல்லிவைத்தேன்.

திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் ஒரு பெண் எழுந்தாள். "அப்படித் திரிச்சா பிரிஞ்சு போயிரும் சார். எங்க தாத்தா புரியை ஒரு பக்கம் முறுக்குவாரு. மூணு புரியையும் சேர்க்கும்போது எதிர்ப்பக்கம் முறுக்குவாரு."

வகுப்பு சிரித்தது. "இது மாட்டுக் கயிறு இல்லம்மா, மூலக்கூறு. உக்காரு" என்றேன். உட்கார்ந்துவிட்டாள். அந்த வருஷம் முழுக்க அவள் என்னிடம் வேறொரு கேள்வி கேட்கவில்லை.

ராத்திரி புத்தகத்தைப் புரட்டினேன். கொலாஜனின் ஒவ்வொரு இழையும் இடச்சுற்று. மூன்றும் சேர்ந்த வடம் வலச்சுற்று. அவள் தாத்தா செய்ததேதான்.

அந்த வடத்தின் அமைப்பைக் கண்டுபிடித்தவரின் கதையைத் தேடிப் படித்தது அதன் பிறகுதான். ஜி.என். ராமச்சந்திரன், 1922இல் எர்ணாகுளத்தில் பிறந்தவர். பெங்களூரில் சி.வி. ராமனிடம் படித்து, கேம்பிரிட்ஜ் போய்த் திரும்பி, 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியரானபோது வயது முப்பது. சென்னைக்கு வந்த அறிஞர் பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் பிடிபடவில்லை என்று பேச்சோடு சொன்னார். பக்கத்திலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம். தோல் என்றாலே கொலாஜன்தானே. அங்கிருந்து மாதிரிகள் வாங்கினார். கங்காரு வாலின் தசைநாண் நல்ல எக்ஸ் கதிர்ப் படம் தந்தது. 1954இல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் மூன்று இழை மாதிரியை வெளியிட்டார். அடுத்த வருஷமே அதைத் திருத்தி, மூன்றும் ஒன்றையொன்று சுற்றிய வடமாக்கினார்.

அதே 1955இல் கேம்பிரிட்ஜிலிருந்து மறுப்பு வந்தது. எழுதியவர்கள் அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும். இரண்டு வருஷத்துக்கு முன்புதான் டி.என்.ஏ. அமைப்பைச் சொன்ன அதே கிரிக். மூன்று இழை சரி. ஆனால் உங்கள் மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன. மூன்று அமினோ அமிலத்துக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு வராது, ஒன்றுதான் வரும் என்றார்கள்.

எங்கள் கரிசல் காட்டில் இப்படி ஒரு பேச்சு வந்தால் இரண்டு வழிதான். ஒன்று, 'பெரிய இடம், அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்' என்று அடங்கிப்போவது. இல்லையென்றால் 'என்னைப் பார்த்தா சொன்னே' என்று வரப்புச் சண்டையாக்குவது. இரண்டிலும் வரப்பை யாரும் அளப்பதில்லை.

ராமச்சந்திரன் அளந்தார். 'அளவுக்கு மீறிய நெருக்கம்' என்கிறார்களே, அந்த அளவு என்ன? இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்? அதுவரை வெளியான படிக அமைப்புகளையெல்லாம் தேடி, அணுக்களுக்கு நடுவிலுள்ள தூரங்களைத் தொகுத்தார். வழக்கமான எல்லை ஒன்று, அதையும் தாண்டி அபூர்வமாகப் போகக்கூடிய கடைசி எல்லை ஒன்று என இரண்டு கிடைத்தன. பிறகு அவரும் சி. ராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் புரதச் சங்கிலி திரும்பக்கூடிய இரண்டு கோணங்களை எடுத்துக்கொண்டு, எங்கே அணுக்கள் முட்டும், எங்கே முட்டாது என்று கணக்குப் போட்டு வரைபடமாக்கினார்கள். 1963இல் வெளிவந்த அதுதான் 'ராமச்சந்திரன் வரைபடம்'. இன்றும் உலகில் எந்தப் புரதத்தின் அமைப்பைக் கண்டறிந்தாலும் அந்தப் படத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள்.

இதை மகான் கதையாக்கினால் பொய்யாகிவிடும். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு பிணைப்பு வாதத்தைப் பல வருஷம் விடாமல் பிடித்திருந்தார். 1994இல் கொலாஜன் போன்ற ஒரு சிறு மூலக்கூறின் படிக அமைப்பு கிடைத்தபோது, நேரடிப் பிணைப்பு ஒன்றுதான் என்று தெரிந்தது. கிரிக் பக்கம் நியாயம். அதே படிகத்தில் தண்ணீர் மூலக்கூறுகள் இழைகளுக்கு நடுவே பாலம் போட்டிருந்தன. அப்படிப்பட்ட தண்ணீர்ப் பாலத்தை ராமச்சந்திரனும் ஆர். சந்திரசேகரனும் 1968லேயே எழுதியிருந்தார்கள்.

தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தானே அளக்கத் தொடங்கினார், அதில் என்ன அறம் என்று கேட்கலாம். இருக்கட்டும். ரோஷம் இல்லாத மனுஷன் யார்? ரோஷத்தை எங்கே கொண்டுபோய் வைக்கிறோம் என்பதில்தான் அறம் இருக்கிறதென்று எனக்குத் தோன்றுகிறது. தன் மாதிரியைக் காக்க அவர் செய்த தராசு, எதிராளி கையிலும் அதே எடைதான் காட்டும்; தனக்கே பாதகமாகச் சாய்ந்தாலும் சாயும். அது தெரிந்தே அதைப் பொதுவில் வைத்தார். வறட்டு வீம்புக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

ஆனால் இந்தக் கதையை எனக்குச் சாதகமாகச் சொல்லிக்கொள்ள முடியாது. அவருக்கு மறுப்பு வந்தது மேலேயிருந்து. கேம்பிரிட்ஜுக்குப் பதில் சொல்லாமல் அவர் தப்பியிருக்க முடியாது, உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு வந்தது கீழேயிருந்து, மூன்றாவது பெஞ்சிலிருந்து. பதில் சொல்லாவிட்டால் கேட்க நாதியில்லை. மேலேயிருந்து வரும் திருத்தத்தை ஏற்க அறிவும் தைரியமும் போதும். கீழேயிருந்து வருவதை ஏற்க வேறொன்று வேண்டும். அன்றைக்கு அது என்னிடம் இல்லை.

இத்தனைக்கும் அவள் செய்தது ராமச்சந்திரன் செய்ததைத்தான். வாத்தியார் சொன்னதை, தன் கண்ணால் பார்த்த கயிற்றோடு வைத்துச் சரிபார்த்தாள். விஞ்ஞானம் என்று நான் வருஷாவருஷம் பாடம் நடத்துவது அதைத்தானே.

இப்போதெல்லாம் அந்தப் பாடம் வரும்போது கொஞ்சம் நார் கொண்டுபோய் மேஜையில் வைத்துத் திரித்துக் காட்டுகிறேன். முதலில் எல்லாவற்றையும் ஒரே பக்கம். விட்டதும் பிரிந்துபோகும். பிறகு எதிர்ப்பக்கம். நிற்கும். "இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு மாணவி" என்பேன். பிள்ளைகள் கேட்டுக்கொள்வார்கள்.

அவளிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. கல்யாணமாகி உள்ளூரிலேயேதான் இருக்கிறாளாம். இங்கிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம்.