பிராசசரின் சூடும் காரண அறிவும்

கேமிங் கணினியின் பிராசசர் சூடாவது அதன் இயல்பு. உள்ளே போகும் மின்னாற்றல் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே வெளியேறுகிறது. இன்டெல் கோர் ஐ9-14900கே உச்ச வேகத்தில் 253 வாட் வரை எடுத்துக்கொள்ளும். அவ்வளவு வெப்பமும் பிறப்பது சுமார் இரண்டரை சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள ஒரு சிலிக்கன் சில்லில். அங்கிருந்து உலோக மூடி, தெர்மல் பேஸ்ட், கூலரின் அடித்தகடு, அலுமினியத் தகடுகள், ஃபேன் தள்ளும் காற்று, கேஸின் பின்வாசல் என்று வெப்பம் ஒவ்வொரு கட்டமாகக் கடந்து அறைக்கு வர வேண்டும். எந்தக் கட்டத்தில் தடை நேர்ந்தாலும் சில்லின் வெப்பநிலை ஏறும். குறித்த எல்லையைத் தொட்டதும் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். விளையாட்டு திக்கித் திணறும். அதற்கும் மேலே போனால் கணினி அணைந்துவிடும். அப்போது எழும் ‘ஏன்?’ என்ற கேள்வி இந்தியத் தருக்க நூலார் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாதிட்ட கேள்வியின் ஒரு வடிவம்: காரியத்தைக் கண்டு காரணத்தை அறிய முடியுமா, முடியுமெனில் எவ்வளவு உறுதியாக?

முதலில் தீர்க்க வேண்டியது, சூடு என்பது கோளாறுக்கு அடையாளமா என்பது. நெருப்பு இருக்கும் இடமெல்லாம் புகை இருக்கும் என்று சொல்ல முடியாது என்பதை நியாய நூலார் ஓர் எடுத்துக்காட்டால் விளக்கினர். பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டில் நெருப்பு உண்டு, புகை இல்லை. புகை எழ ஈர விறகு வேண்டும். சொல்லாமல் விடப்பட்ட இந்த நிபந்தனைக்கு அவர்கள் இட்ட பெயர் உபாதி. ‘95 டிகிரி காட்டுகிறது, ஆகவே பழுது’ என்னும் அனுமானத்திலும் இத்தகைய உபாதிகள் ஒளிந்திருக்கின்றன. 2022-இல் வந்த ரைசன் 7000 வரிசையின் உயர்வகைப் பிராசசர்கள் முழுச் சுமையில் 95 டிகிரி செல்சியஸ் வரை சென்று அங்கேயே நின்று வேலை செய்யும்படி வடிவமைக்கப்பட்டவை. அதே தலைமுறையின் ரைசன் 7 7800எக்ஸ்3டி-க்கு எல்லை 89 டிகிரி. மேலே சொன்ன இன்டெல் பிராசசருக்கு 100. எண் ஒன்றே ஆனாலும் அது ஓரிடத்தில் இயல்பு, ஓரிடத்தில் எட்டவே கூடாத அளவு. அறையின் வெப்பமும் கணக்கில் சேரும். காற்றால் குளிர்விக்கும் கூலர் எதுவும் சில்லை அறைக்காற்றைவிடக் குளிர வைக்காது. அறை பத்து டிகிரி ஏறினால் சில்லும் ஏறக்குறைய அவ்வளவு ஏறும். எனவே கோளாறு என்று சொல்லத் தகுந்தது வெறும் எண் அன்று. குறைந்த சுமையிலேயே எல்லையைத் தொடுவது, அல்லது அதே விளையாட்டில், அதே அறைச் சூட்டில், முன்பு இருந்த வேகம் இப்போது இல்லாமல் போவது, இவையே அடையாளம்.

கோளாறு உண்டு என்று தெளிந்தபின் காரணத்துக்குப் போக வேண்டும். மணிமேகலையின் 27-ஆம் காதை, சமயக்கணக்கர் வாய்மொழியாக, கருதலளவையை, அதாவது அனுமானத்தை, பொது, எச்சம், முதல் என மூன்றாகப் பிரிக்கிறது. ஆற்றில் வெள்ளத்தைக் கண்டு மேலே மழை பெய்தது என்று அறிவது எச்சம். சூட்டைக் கண்டு காரணம் தேடுவதும் இந்த வகையே. மூன்றிலும் இதற்கே ஆபத்து அதிகம், ஏனெனில் ஒரே காரியம் பல காரணங்களால் வரலாம். நியாய சூத்திரம் இந்த மறுப்பை மறைக்காமல் தானே எடுத்துச் சொல்கிறது: அணைகட்டித் தடுத்தாலும் ஆறு பெருகுமே, வெள்ளத்தால் மழையை எப்படி அறிவது? அதற்கு வாத்ஸ்யாயனரின் உரை தரும் விடை மிகக் கூர்மையானது. வெறும் பெருக்கம் அடையாளம் ஆகாது. நுரையும் சுழிப்பும் அடித்துவரும் இலையும் கட்டையுமாக விரைந்து வரும் வெள்ளமே மழைக்கு அடையாளம். அனுமானம் பிழைத்ததாகத் தோன்றும் இடங்களில் பிழைத்தது அனுமானம் அன்று, அடையாளத்தைச் சரியாகப் பார்க்காத கண்.

பிராசசர் விஷயத்தில் இந்த அறிவுரை அப்படியே பயன்படுகிறது. எத்தனை டிகிரி என்பதைவிட எப்படி ஏறியது என்பது அதிகம் சொல்லும். விளையாட்டைத் தொடங்கிய ஓரிரு நொடிகளில் வெப்பநிலை எல்லைக்குப் பாய்ந்தால், தடை சில்லுக்கு மிக அருகில் இருக்கிறது: பேஸ்ட் உலர்ந்திருக்கலாம், கூலர் சரியாக அழுந்தாமல் இருக்கலாம், புதுக் கூலரின் அடியில் ஒட்டியிருந்த பாதுகாப்புப் படலம் உரிக்கப்படாமல் போயிருக்கலாம், நீர்க் கூலரில் பம்ப் நின்றிருக்கலாம். செம்பின் வெப்பக் கடத்துதிறன் காற்றைவிடப் பல்லாயிரம் மடங்கு அதிகம் என்பதால், இரு உலோகப் பரப்புகளுக்கு இடையே சிக்கும் மெல்லிய காற்றுப் படலமே போதும் வழியை அடைக்க. பம்ப் நின்றிருந்தால் பெரும்பாலும் ஒரு குழாய் சுடும், மற்றது குளிர்ந்திருக்கும். மாறாக, வெப்பநிலை பத்து, இருபது நிமிடங்களில் மெல்ல மெல்ல ஏறினால் தடை தொலைவில் இருக்கிறது: தகடுகளுக்கிடையே தூசு, கேஸுக்குள் சுற்றிச் சுற்றி வரும் சூடான காற்று, கிராஃபிக்ஸ் கார்டு கக்கும் வெப்பம். இவை வெள்ளத்தின் நுரையும் கட்டையும் போன்ற தனி அடையாளங்கள்.

அடையாளம் காரணத்தைச் சுட்டும், உறுதிப்படுத்தாது. உறுதிக்கு நியாய மரபும் பௌத்த மரபும் காட்டும் வழி அந்வயம், வெதிரேகம் என்ற இரட்டைச் சோதனை. இது இருந்தால் அது உண்டு. இது இல்லையெனில் அதுவும் இல்லை. ஜான் ஸ்டுவர்ட் மில் 1843-இல் வெளியிட்ட தருக்க நூலில் வேறுபாட்டு முறை என்று வகுத்ததும் பெரும்பாலும் இதுவே: இரண்டு நிலைகள் ஒன்றே ஒன்றைத் தவிர மற்றெல்லாவற்றிலும் ஒத்திருக்க வேண்டும். கேஸின் பக்கப் பலகையைக் கழற்றிவிட்டு அதே விளையாட்டை ஓட்டுவது இதன் எளிய வடிவம். வெப்பநிலை கணிசமாக இறங்கினால் குறை காற்றோட்டத்தில். அசையவே இல்லையெனில் குறை கூலருக்கு உள்ளே. பலகையை மீண்டும் மாட்டி, சூடு திரும்ப ஏறுகிறதா என்று பார்ப்பதும் வேண்டும். இந்த இரண்டாம் பாதியை ஏறத்தாழ எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அதைவிடப் பெரிய தவறு, ஒரே மாலையில் தூசு தட்டி, பேஸ்ட் மாற்றி, புது ஃபேன் பூட்டி, பயாஸையும் புதுப்பித்துவிடுவது. கணினி சரியாகிவிடும். எது சரியாக்கியது என்பது யாருக்கும் தெரியாது.

சரியானால் போதாதா என்ற கேள்விக்கு எட்டாம் நூற்றாண்டுப் பௌத்த அறிஞர் தர்மோத்தரரின் எடுத்துக்காட்டு விடை தருகிறது. இறைச்சி வாட்ட ஒருவன் நெருப்பு மூட்டியிருக்கிறான். புகை இன்னும் எழவில்லை. இறைச்சியை மொய்க்கும் பூச்சிக் கூட்டத்தைத் தொலைவிலிருந்து பார்த்த மற்றொருவன் புகை என்று எண்ணி, அங்கே நெருப்பு உண்டு என்கிறான். நெருப்பு உண்மையிலேயே உண்டு. ஆனால் அவன் அதை அறிந்தான் என்று சொல்ல முடியாது. மேற்கில் எட்மண்ட் கெட்டியர் 1963-இல் எழுப்பிய சிக்கலும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. பேஸ்ட் உலர்ந்ததுதான் காரணம் என்று ஒருவர் முடிவுகட்டிக் கூலரைக் கழற்றிப் புதுப் பேஸ்ட் தடவுகிறார். உண்மையில் தளர்ந்திருந்தது ஒரு திருகு, மறுபடி மாட்டும்போது அது இறுகிவிட்டது. பலன் கிடைத்தது, நம்பிக்கையும் வலுத்தது, காரண அறிவு மட்டும் வரவில்லை. பயனுள்ள செயலே அறிவின் மெய்மைக்குச் சான்று என்று நியாய மரபு சொல்வது பெரும்பாலும் சரி. ஆனால் அந்தச் சான்று இங்கே ஏமாற்றுகிறது. அடுத்த முறை திருகு தளரும்போது அவர் பேஸ்ட்டைக் குறைசொல்லி வேறு வகை வாங்குவார்.

இதுவரை காரணம் ஒன்று என்று வைத்துப் பேசியாயிற்று. அதையும் சோதிக்க வேண்டும். சைவ சித்தாந்தம் காரணத்தை முதல், துணை, நிமித்தம் என மூன்றாக்கும்; குடத்துக்கு மண் முதல், தண்டும் சக்கரமும் துணை, குயவன் நிமித்தம். பிராசசரின் சூட்டுக்குச் சில்லில் பாயும் மின்னோட்டம் முதல் என்றால், கூலரும் மின்னழுத்த அமைப்பும் துணை. மின்னழுத்தத்தின் பங்கு பெரிது: சில்லின் இயங்கு மின்திறன் மின்னழுத்தத்தின் இருபடிக்கும் வேகத்துக்கும் ஏற்ப மாறுவதால், வேகம் மாறாமல் மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் அந்தப் பகுதி வெப்பம் 19 சதவீதம் குறையும். நிமித்தம் என்பதோ அறிவுடைய ஒருவரைக் கேட்கிறது. உலகுக்கு நிமித்தகாரணன் வேண்டும் என்பதே சித்தாந்தி இறைவனை நிறுவும் வாதம். பௌத்தம் இதை ஏற்பதில்லை. மணிமேகலையின் 30-ஆம் காதை விரிக்கும் பன்னிரு சார்புகளில் ஒன்று மற்றொன்றைச் சார்ந்து தோன்றும், செய்பவன் ஒருவன் தேவையில்லை.

2023, 2024-இல் இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை உயர்வகைப் பிராசசர்களுக்கு நேர்ந்தது இரு தரப்பின் வலிமையையும் காட்டும். பல விளையாட்டுகள் முறிந்து விழுந்தன. திரையில் வந்த செய்தி சில சமயம் கிராஃபிக்ஸ் நினைவகம் போதவில்லை என்றது. பலர் கிராஃபிக்ஸ் கார்டைச் சந்தேகித்தனர். கோளாறு பிராசசரில் இருந்தது. மைக்ரோகோடு அளவுக்கு மீறிய மின்னழுத்தம் கேட்டதைச் சரிசெய்யும் திருத்தத்தை இன்டெல் 2024 ஆகஸ்டில் வெளியிட்டது. உயர் மின்னழுத்தமும் வெப்பமும் சேர்ந்து சில்லின் கடிகாரச் சுற்று ஒன்றை மூப்படையச் செய்தன என்று அடுத்த மாதம் விளக்கியது. மின்னழுத்தக் கோரிக்கை, மதர்போர்டின் தளர்த்தப்பட்ட வரம்புகள், வெப்பம், காலம் ஆகியவற்றில் எதுவும் தனியாக நின்று வேலை செய்யவில்லை. அந்த அளவில் பௌத்தர் சொன்ன சார்புகளின் சேர்க்கையே பொருந்துகிறது. ஆனால் உத்தரவாதக் காலத்தை இரண்டு ஆண்டுகள் நீட்டியது சார்புகளின் சேர்க்கை அன்று, பொறுப்புடைய ஒரு நிறுவனம். எப்படி நேர்ந்தது என்று கேட்கும்போது சார்புகளையும், யார் ஈடுசெய்வது என்று கேட்கும்போது நிமித்தத்தையும் நாடுவது முரண் ஆகாது. ஒன்றின் விடையை மற்றதற்குச் சொல்வதே தவறு.

சந்தேகத்தை எங்கே நிறுத்துவது என்பது எஞ்சுகிறது. எந்தச் சோதனைக்குப் பின்னும் காணாத ஓர் உபாதி இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டே போகலாம். நியாயகுசுமாஞ்சலி என்ற நூலில் நியாய அறிஞர் உதயனர் இதற்கு ஓர் எல்லை இட்டார்: ஒருவரின் சொந்தச் செயலோடு முரண்படும் இடத்தில் சந்தேகம் நின்றுவிடுகிறது. காரண காரிய உறவையே ஐயுறுகிறேன் என்பவரும் புகை வேண்டுமென்றால் நெருப்பைத்தான் நாடுகிறார். பழுது பார்ப்பவருக்கு இந்த எல்லை இப்படி அமையும்: ஒரே ஒரு மாற்றம், அதே விளையாட்டு, அதே அறைச் சூடு, அரை மணி நேர ஓட்டம், குறித்துவைத்த எண்கள், மாற்றத்தைத் திரும்பப் பெற்றால் சூடும் திரும்ப வேண்டும். உரித்த படலத்தை மறுபடி ஒட்டியோ இறுக்கிய திருகைத் தளர்த்தியோ யாரும் பார்க்கமாட்டார்கள் என்பதால், சில காரணங்களில் இந்தக் கடைசிப் படி நடப்பதில்லை. அங்கே கிடைப்பது வலுவான கருதலே. அதை நேரில் கண்ட காட்சியாகக் கொள்ளக் கூடாது.