வண்ணத்தின் அடியில்

எந்தப் பொருளையும் நாம் முதலில் அதன் மேற்பரப்பைக் கொண்டே மதிக்கிறோம். வீட்டைச் சுவரின் வெண்மையாலும், பாத்திரத்தை அதன் பளபளப்பாலும், மனிதரைக்கூட ஓரளவு உடையாலும் எடைபோடுகிறோம். ஆனால் நம்மைத் தாங்குவது மேற்பரப்பு அன்று. அதன் அடியில் மறைந்திருப்பதே நம்மைத் தாங்குகிறது. அப்படியாயின், பிறர் கண்ணில் படாமல் மறைந்துபோகும் வேலையை ஒருவர் ஏன் நேர்மையாகச் செய்ய வேண்டும்? பார்ப்பவர் எவரும் இல்லாத இடத்தில் அறத்துக்குச் சாட்சி யார்? இப்பெரிய வினாவை ஆராய்வதற்கு ஒரு சிறிய செயலை எடுத்துக்கொள்வோம். பைபரால் ஆன சிறு பாய்மரப் படகு ஒன்றின் வெளிப்புறத்துக்கு, அதன் உடையவரே தம் கையால் மறுவண்ணம் பூசுவதே அச்செயல்.

மலையோரத்தில் வாழும் நமக்கும் பாய்மரப் படகுக்கும் என்ன தொடர்பு என்று அன்பர்கள் வினவலாம். பாலக்காட்டு எல்லையிலும் இடுக்கி எல்லையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கடல் தொலைவேயன்றி நீர் தொலைவன்று. 1955-இல் திறக்கப்பட்ட மலம்புழா அணை, பாலக்காட்டு மாவட்டத்தில் இருந்தும் பொள்ளாச்சி, சேத்துமடை வழியாகச் சென்று அடையும் பரம்பிக்குளம், 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாற்று அணையால் உருவான தேக்கடி ஏரி ஆகிய மூன்றும் நம் வாழ்வோடு கலந்தவை. இவ்வேரிகளில் பாய் விரித்த படகைக் காண்பது அரிது; அது கடற்கரைக்கு உரியது. சென்னையில் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911-இல் தோன்றியது. சிறுவர் பழகும் ஆப்டிமிஸ்ட் என்னும் பாய்மரப் படகு ஏறத்தாழ 2.3 மீட்டர் நீளமே உடையது. 1947-இல் அமெரிக்காவில் ஒட்டுப்பலகையால் செய்வதற்கென வரையப்பட்ட அப்படகு இன்று பெரும்பாலும் பைபரால் செய்யப்படுகிறது. 2021-இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கின் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் என்னும் பெருமையைப் பெற்ற சென்னை நேத்ரா குமணன் செலுத்தியதும் ஒருவர் மட்டுமே அமரும் சிறு பைபர் படகே. படகு நமக்குப் புதிதாயினும் பைபர் புதிதன்று. தேக்கடிச் சுற்றுலாப் படகு முதல் வீட்டுக் குளியலறைக் கதவு வரை அது நம்மைச் சூழ்ந்தே இருக்கிறது.

தோல் முதலில் பிறக்கும் விந்தை

மரப்படகு செய்யும் ஓடாவி முதலில் உடலை உருவாக்குகிறார். இறுதியில் வண்ணம் பூசுகிறார். பைபர் படகின் பிறப்போ தலைகீழானது. அச்சின் உட்புறத்தில் மெழுகு தடவி, அதன்மேல் வண்ணம் கலந்த ஜெல்கோட் என்னும் பூச்சை ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனத்துக்கு இடுகிறார்கள். அதன்மேல் கண்ணாடி இழைப் பாயை விரித்து, ரெசினை ஊற்றி, காற்றுக் குமிழிகளை உருளையால் அழுத்தி வெளியேற்றுகிறார்கள். இவ்வாறு அடுக்கடுக்காக உடல் வளர்கிறது. ஆகவே இங்கே தோல் முன்னும் உடல் பின்னும் பிறக்கின்றன. அச்சிலிருந்து பிரித்தெடுத்த அன்றே படகு கண்ணாடிபோல் மின்னும். உள்ளடுக்கில் குமிழி தங்கியிருந்தாலும் அம்மினுக்கம் குறையாது. அழகும் உறுதியும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

ஆண்டுகள் செல்லச் செல்ல வெயில் அத்தோலை வெளிறச் செய்கிறது. நீண்ட நாள் நீரில் கிடக்கும் படகில் நீர் மெல்ல மெல்ல உட்புகுந்து, உள்ளே கரையக்கூடியவற்றைக் கரைத்துக் கொப்புளங்களை எழுப்புகிறது. அப்போது மறுவண்ணம் தேவையாகிறது. இது வெறும் ஒப்பனை அன்று. வெயிலுக்கும் நீருக்கும் எதிரான காப்பு.

மறையும் வேலை

இப்பணியில் வண்ணம் பூசும் நேரமே மிகக் குறைவு. படகைக் கவிழ்த்து வைத்து, நல்ல நீராலும் சோப்பாலும் கழுவ வேண்டும். பிறகு கரைப்பான் தோய்த்த துணியால் பழைய மெழுகையும் எண்ணெய்ப் பசையையும் துடைத்தெடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் தேய்க்கத் தொடங்கினால், உப்புத்தாள் அந்த மெழுகைக் கீறல்களுக்குள் அழுத்திவிடும். பின்னர் பூசும் எதுவும் அங்கே பற்றாது. அடுத்து ஒரு நாணயத்தால் படகெங்கும் தட்டிப் பார்க்க வேண்டும். ‘டக்’ என்ற தெளிந்த ஒலி நலத்தின் அறிகுறி. மந்தமான ஒலி அடுக்குகள் பிரிந்ததன் அறிகுறி. கொப்புளங்களைத் திறந்து, உட்பகுதி முற்றும் உலரும் வரை, சிலபோது வாரக்கணக்கில், காத்திருக்க வேண்டும். பின்பு எபாக்ஸியால் பட்டி பார்த்து, 80-ஆம் எண் தாளில் தொடங்கி 220, 320 என்று மென்மையான தாள்களால் தேய்க்க வேண்டும். அதன்பின் பிரைமர் இருமுறை, மீண்டும் தேய்ப்பு, மீண்டும் துடைப்பு.

கடைசியில் வருவதே வண்ணம். இரு பொருள்களைக் கலந்து பூசும் பாலியூரித்தேன் வண்ணத்தைச் சிறு உருளையால் பரப்பி, உடனே மெல்லிய தூரிகை நுனியால் தடவிச் சமன்செய்வது வழக்கம். ஒரு பூச்சின் கனம் நம் தலைமயிர் ஒன்றின் பருமன் அளவே. இவ்வண்ணத்தைத் தெளிப்பானால் வீட்டில் அடிப்பது நுரையீரலுக்குப் பெருங்கேடு. பைபர்த் தூளும் தீயதே. முகமூடியும் கையுறையும் இன்றி எவரும் இவ்வேலையில் இறங்கலாகாது. காலமும் இடமும் அறிய வேண்டும். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புழுதியைக் கொண்டுவந்து ஈர வண்ணத்தில் ஒட்டிவிடும். குமுளியிலோ பனியின் ஈரம் காயும் முன் தூரிகையைத் தொடக்கூடாது.

நாள்கணக்கில் செய்த அத்தனை வேலையையும் அந்த மயிரளவு பூச்சு மறைத்துவிடுகிறது. நன்றாகச் செய்ததும் மறைகிறது, ஏமாற்றியதும் மறைகிறது. முதல் நாளில் இரண்டும் ஒன்றுபோலவே மின்னும். நம் வினா எழும் இடம் இதுவே.

சாட்சி யார்?

தம் படகுக்குத் தாமே வண்ணம் பூசுபவர் நிலை தனிச்சிறப்புடையது. அங்கே ஏமாற்றுபவரும் ஏமாறுபவரும் ஒருவரே. மெழுகைத் துடைக்காமல் விட்டது அவருக்குத் தெரியும். உலராத கொப்புளத்தின்மேல் பட்டி வைத்ததும் தெரியும். பழி சுமத்தப் பிறர் இல்லை. நாணயத்தால் தட்டும்போது அவர் கேட்பது படகின் ஒலியை மட்டுமன்று. தம் உள்ளத்தின் ஒலியையும்தான். வள்ளுவர் தவத்தைப் பற்றி ஓர் அதிகாரம் வகுத்து, அதற்கு அடுத்தே கூடாவொழுக்கத்தை வைத்தார். உயர்ந்த கோலம் உள்ள இடத்திலேதான் பொய்க்கோலத்தின் ஆபத்தும் மிகுதி என்பதை அவ்வைப்புமுறை நமக்கு உணர்த்துகிறது அன்றோ?

ஆனால் தம் பொருட்டு நேர்மையாய் இருத்தல் அறத்தின் முதற்படியே. பிறர் உயிர் நம் வேலையின்மேல் ஏறி அமரும்போது அது முழுக்கடமை ஆகிறது. 2009 செப்டம்பர் 30-ஆம் நாள் மாலை தேக்கடி ஏரியில் ‘ஜலகன்யகா’ என்னும் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தனர். பைபரால் ஆன அப்படகு சேவைக்கு வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. ஒரு பக்கமாகத் திரண்ட கூட்டமும் படகின் நிலைப்புக் குறைவும் காரணங்களாகப் பேசப்பட்டன. ஏறியவர்கள் கண்டது புத்தம்புதிய வண்ணத்தையே. நிலைப்பைக் காணும் கண் பயணிக்கு ஏது? 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கரையெங்கும் ஏராளமான பைபர் படகுகள் வழங்கப்பட்டன. அவசரத்தில் செய்யப்பட்டவற்றுள் தரம் குன்றியவையும் உண்டு என்று துறை வல்லுநர்கள் எச்சரித்தனர். வழங்கும் நாளில் அவையும் அழகாகவே இருந்தன. நம்பி ஏறுகின்றவர் தாமே சோதித்துப் பார்க்க இயலாது. ஆதலால் அவருக்காகச் சோதிக்கும் பொறுப்பு செய்தவருடையதே. இவ்வாறு சாட்சி இல்லாத வேலைக்கு, நாளை அதன்மேல் ஏறப்போகும் முகமறியாத மனிதரே சாட்சி ஆகிறார்.

கூலியும் மதிப்பும்

இங்கே ஒரு தடை எழலாம். ‘தாமே பூசினால் தொழிலாளியின் கூலி அன்றோ குறைகிறது?’ என்பர். தடை நியாயமானது. கூலியை மிச்சம் பிடிப்பதே நோக்கமாயின் இச்செயலில் பெருமை ஒன்றும் இல்லை. ஆனால் ஒருமுறை தோள் வலிக்கத் தேய்த்தவர், மறுமுறை தொழிலாளியிடம் பேரம் பேசும்போது நாவடங்குவார். ‘இரண்டு கோட்டு அடிப்பதற்கா இவ்வளவு?’ என்று கேட்க அவருக்கு மனம் வராது. கண்ணுக்குத் தெரியும் கடைசிப் பூச்சுக்கு மட்டும் விலை கொடுத்து, அதற்கு முந்திய உழைப்பை இலவசமாகக் கொள்ளும் வழக்கமே உலகில் பல அநீதிகளின் வேர்.

இதை நம் குடும்பங்கள் பிறர் சொல்லி அறிய வேண்டியதில்லை. மூணாற்றுக்கு வருவோர் கண்டு மகிழும் பச்சைக் கம்பளம், தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் கைகள் கிள்ளியும் கவாத்து செய்தும் காத்த பரப்பு. அந்தப் பசுமையைப் பார்த்தவர் பலர். லயங்களைப் பார்த்தவர் சிலர். 2015 செப்டம்பரில் தோட்டப் பெண்கள் ‘பெம்பிளை ஒருமை’ என்னும் பெயரில் திரண்டு, போனசும் கூலி உயர்வும் கேட்டுச் சாலையில் அமர்ந்தபோதுதான் அழகின் அடியில் மறைந்திருந்த உழைப்பை நாடு ஏறிட்டுப் பார்த்தது. மறைந்த உழைப்பைத் தாமே உணர்ந்த மக்கள், பிறரது மறைந்த உழைப்பை மதிக்கத் தவறலாமா?

நம் கடமை

சங்க விழாவும் மலரும் மேடைப் பாட்டும் நம் தமிழ் வாழ்வின் கடைசிப் பூச்சு. அவை வேண்டியவையே, வெயிலுக்குக் காப்பு அவை. ஆனால் அவை பற்றிநிற்க வேண்டுமாயின் அடியில் அன்றாட வேலை நடந்திருக்க வேண்டும். பள்ளியில் மலையாளமோ ஆங்கிலமோ பயிலும் பிள்ளையிடம் இரவுச் சோற்றின்போது தமிழில் பேசுதல், அவன் எழுதும் நான்கு வரியைப் பொறுமையாகத் திருத்துதல், ஊரிலுள்ள பாட்டிக்குக் கடிதம் எழுதச் செய்தல் ஆகியவற்றுக்கு மேடை இல்லை, மாலை இல்லை, படம் எடுப்பாரும் இல்லை.

எனினும் அவ்வேலையின்மேல் ஒரு தலைமுறை ஏறிச் செல்லப்போகிறது. ஆகவே மெழுகைத் துடைப்போம், தட்டிப் பார்ப்போம், உலரும் வரை காத்திருப்போம். வண்ணம் அதன்பின் வரட்டும்.