தீயும் தொன்மரமும்

கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் 2022 ஜூலையில் மூண்ட வாஷ்பர்ன் தீ, மாரிபோசா தோப்பை நெருங்கியது. முதிர்ந்த செக்கோயா மரங்கள் நூற்றுக்கணக்கில் நிற்கும் தோப்பு அது. அவற்றுள் ‘கிரிஸ்லி ஜயன்ட்’ மரத்துக்கு வயது ஏறக்குறைய 3,000. அதைச் சுற்றி நீர்த்தெளிப்பான்கள் வைத்து மண்ணை நனைத்தார்கள். முந்தைய ஆண்டு செக்கோயா தேசியப் பூங்காவில், ஜெனரல் ஷெர்மன் மரத்தின் அடிப்பகுதியை அலுமினியப் போர்வையால் சுற்றினார்கள். ஒரு மரத்துக்காக இத்தனை பாடுபடுவது, அது மனிதருக்குப் பயன்படுவதாலா, அல்லது தன்னளவிலேயே மதிப்புடையது என்பதாலா?

இந்தக் கேள்விக்கு அங்கே ஒரு சமய விடை ஏற்கெனவே உண்டு. 1864-இல் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட சட்டம் மாரிபோசா தோப்பைக் காப்புக்கு உட்படுத்தியது. பின்னர் வந்த இயற்கையியலாளர் ஜான் மியூர் இக்காடுகளைக் கடவுளின் ஆலயங்களாகவே கண்டார். ஆலயத்தைத் தொடாமல் விடுவதே பக்தி என்றானது. கோடரி நின்றது; நல்லதுதான். ஆனால் கோடரியோடு தீயையும் பகையாக எண்ணி வெளியேற்றியதில்தான் பிழை நேர்ந்தது.

செக்கோயா தீயோடு வாழப் பழகிய மரம். அதன் பட்டை இரண்டடித் தடிமன் வரை வளரும். வெப்பம் பட்டால் கூம்புகள் உலர்ந்து விரிந்து விதையை உதிர்க்கும். சருகு எரிந்து வெறும் மண் தெரிந்தால்தான் அந்த விதை எளிதில் வேர்பிடிக்கும். மீவோக் முதலான தொல்குடிகள் தாங்களே சிறுதீ மூட்டிக் காட்டைப் பேணினார்கள். அவர்கள் விரட்டப்பட்டு, மின்னல் தீயும் அணைக்கப்பட்டதால் ஒரு நூற்றாண்டுச் சருகு குவிந்தது. அடியில் ஃபிர் மரங்கள் அடர்ந்தன; தீ அவற்றில் தொற்றி உச்சி வரை ஏறியது. வறட்சியும் வெப்பமும் சேர்ந்துகொண்டன. 2020-இன் காசில் தீயில் மட்டும் 7,500 முதல் 10,600 வரையிலான பெரிய செக்கோயாக்கள் மடிந்தன என மதிப்பிடப்பட்டது. மாரிபோசாவிலோ 1970-கள் முதலே திட்டமிட்டுச் சிறுதீ மூட்டி வந்தார்கள். வாஷ்பர்ன் தீயில் தோப்பு தப்பியதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு.

மரத்துக்குச் சட்ட உரிமை உண்டா என்ற வாதமும் இதே மலைகளில் எழுந்ததே. மினரல் கிங் பள்ளத்தாக்கு வழக்கில் 1972-இல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ், இயற்கைப் பொருள்களின் சார்பில் வழக்காட இடமளிக்க வேண்டுமெனத் தம் மாறுபட்ட தீர்ப்பில் எழுதினார். வெட்ட வருபவனை எதிர்க்க இந்த உரிமைமொழி உதவும். ஆனால் மரத்துக்கு வாழ்வும் சாவும் ஒரே தீயிலிருந்து வரும்போது, அதன் பெயரால் எதைக் கேட்பது? முதுமரத்தைக் கேட்டால் போர்வை. அதன் சந்ததியைக் கேட்டால் நெருப்பு. இரண்டும் நியாயமே. மூவாயிரம் ஆண்டுகளை யாராலும் மீண்டும் நட முடியாது. ஆகவே போர்வை தேவை. ஆனால் சிறுதீ இல்லாத போர்வை பாதிக் கடமைதான்.

விதைமரங்களே எரிந்துபோன தோப்புகளில் கன்று நடுவதெனச் செக்கோயா தேசியப் பூங்கா நிர்வாகம் 2023-இல் முடிவெடுத்தது. கன்னிக்காட்டில் மனிதக் கை படக் கூடாது என எதிர்ப்பாளர்கள் 1964-ஆம் ஆண்டு வனாந்தரச் சட்டத்தைக் காட்டினார்கள். எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதம் அல்ல இது. மனிதன் நட்டு வளர்த்ததைக் காடு என்பதில் தயக்கம் இருப்பது இயல்பு. ஆயினும் அந்தத் தோப்புகளில் மனிதக் கை ஏற்கெனவே பட்டுவிட்டது: நூறாண்டு தீயணைப்பிலும், சூடேறிய காற்றிலும்.