கண்ணுக்குத் தனிக் கூலி

என் விலைப்பட்டியலில் மூன்று தரங்கள் உண்டு. கடைசித் தரத்தில் சீருடை, தோல்வார், துப்பாக்கி, முகத்துக்கு ஒரு சதைநிறம், மேலே ஒரு நிழற்பூச்சு, அவ்வளவுதான். கண் கிடையாது. நடுத்தரத்தில் கேட்டால் வைப்பேன். முதல் தரத்தில் ஒவ்வொரு சிப்பாய்க்கும் இரண்டு கண்கள், கூலியும் அதற்கேற்றபடி. இது நான் தொடங்கிய வழக்கமல்ல. மேசைமேல் போர் விளையாடுகிறவர்களுக்காகக் கூலிக்குப் பொம்மை தீட்டும் பலரும் இப்படித்தான் விலை போடுகிறார்கள். இலங்கையில் இந்த வேலை நெடுநாளாக நடக்கிறது. வெள்ளை உலோகத்திலோ பிளாஸ்டிக்கிலோ வார்த்த வெறும் பொம்மைகள் இங்கிலாந்திலிருந்து பார்சலில் வரும். நிறம் பூசிக்கொண்டு திரும்பிப் போகும். நானும் அப்படியொரு பட்டறையில் வேலை பழகியவள்தான். இப்போது வத்தளையில், வீட்டு முன்னறையில், தனியாகச் செய்கிறேன்.

பொம்மையின் உயரம் 28 மில்லிமீற்றர். அதில் கண்ணுக்குக் கிடைப்பது அரை மில்லிமீற்றர் இருந்தால் பெரிய காரியம். முதலில் கண்குழிக்குக் கடும் கபிலம். அதற்குமேல் குறுக்காக ஒரு வெள்ளைக் கீற்று. சுத்த வெள்ளை கூடாது, பேயைக் கண்டவன் மாதிரி முழிப்பான். கொஞ்சம் சதைநிறம் கலந்த வெள்ளை வேண்டும். பிறகு நிலைக்குத்தாக ஒரு கறுப்புக் கோடு. புள்ளி வைக்கப் போனால் இரண்டு கண்ணும் இரண்டு திசை பார்க்கும். கோடு இமைக்கு மேலும் கீழும் வழிந்தால் பரவாயில்லை, சதைநிறத்தால் மூடிவிடலாம். ஆகச் சின்னப் பிரஷ்தான் இதற்கு வேண்டும் என்று புதியவர்கள் நினைப்பார்கள். அதன் நுனியில் பெயின்ட் பொம்மையைத் தொடுமுன்பே காய்ந்துவிடும். வயிறு பருத்து, நுனி கூரான சேபிள் மயிர்ப் பிரஷ்தான் சரி. தப்பினால் சுற்றிவர மூடித் திருத்தலாம் என்பதால் நான் கண்ணை முதலிலேயே வைத்துவிடுவேன். சீருடையெல்லாம் அதற்குப் பிறகு.

அப்பா கடைசியில்தான் வைப்பார். யாழ்ப்பாணத்துக் கோயில்களுக்கு வாகனம் தீட்டியவர் அவர்: குதிரை, சிங்கம், யாளி. மரக்குதிரையின் கழுத்தில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு முதுகுக்குப் பூசுவார். மேலே ஏறி நிற்பார், வெற்றிலைத் தட்டத்தைக்கூட அதன் முதுகில் வைப்பார். வெள்ளோட்டத்தன்று விடிய முழுகிவிட்டு வந்து, துணி மறைத்து, ஆட்களை விலக்கி, கண்ணை வைப்பார். மறைப்பு எடுபடும்போது எதிரே ஒரு கண்ணாடி இருக்கும். அதற்குப் பிறகு அந்த வாகனத்தில் அவருடைய கால் படாது. இடையில் நடந்ததெல்லாம் ஒரு துளி கறுப்பு மைதான்.

சிங்களக் கோயில்களில் புத்தர் சிலைக்குக் கண் வைக்கும் சடங்கு இன்னும் கடுமையானது. ரிச்சர்ட் கோம்பிரிச் 1966இல் அதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். கலைஞன் சிலையை நேரே பார்ப்பதில்லை. அதற்கு முதுகு காட்டி நின்று, கண்ணாடியைப் பார்த்தபடி, தோளுக்கு மேலாகப் பிரஷ்ஷை நீட்டித் தீட்டுகிறான். முடிந்ததும் அவன் கண்ணைக் கட்டி வெளியே கூட்டிப்போகிறார்கள். கட்டு அவிழும்போது அவன் முதலில் பார்க்கும் பொருளை வாளால் வெட்டுகிறான். அந்தப் பார்வையின் வேகம் அப்படிப்பட்டதாம். ஆனால் பௌத்தத்தின்படி புத்தர் பரிநிர்வாணம் அடைந்தவர், சிலைக்குள் அவர் இல்லை. உள்ளே எவரும் இல்லாத சிலையின் பார்வைக்கு எதற்காகப் பயப்படுகிறார்கள்? கோயிலை விட்டு என் மேசைக்கு வந்தாலும் இந்தக் கேள்வி என்னை விடுவதில்லை. என் முன்னாலும் உள்ளே எவரும் இல்லாத உருவங்கள்தான் வரிசையில் நிற்கின்றன.

கண்ணே வேண்டாம் என்கிற வாடிக்கையாளர்களும் உண்டு. அவர்களின் நியாயம் உறுதியானது. 28 மில்லிமீற்றர் என்பது ஆளின் உயரத்தில் ஏறக்குறைய 60இல் ஒரு பங்கு. முக்கால் மீற்றர் தள்ளி நின்று பொம்மையைப் பார்ப்பது, நிஜமான ஆளை 45 மீற்றருக்கு அப்பாலிருந்து பார்ப்பதற்குச் சமம். அந்தத் தூரத்தில் எவருடைய கண்ணும் தெரியாது. புருவத்துக்குக் கீழே ஒரு கருநிழல்தான் தெரியும். ஆகவே கண் வைப்பது பொய். 1775இல் அமெரிக்காவின் பங்கர் ஹில் சண்டையில், எதிரியின் கண்வெள்ளை தெரியும்வரை சுட வேண்டாம் என்று கட்டளை போனதாக ஒரு கதை உண்டு. சொன்னது யார், சொன்னதுதானா என்பதெல்லாம் தகராறு. ஆனால் கதை எதற்காக நிலைத்தது என்பது விளங்குகிறது: வெடிமருந்தை வீணாக்காமல் கொல்லும் தூரத்துக்குக் கண்தான் அளவுகோல். கண் தெரியாத தூரத்தில் நிற்பவன் இன்னும் கொஞ்சநேரம் உயிரோடிருப்பான்.

அண்ணாவின் கட்சி வேறு. கிளினிக்குக்காகக் கொழும்புக்கு வரும்போது என்னோடு தங்குவார். ஒருநாள் பின்னேரம் பிரெஞ்சுப் படைப்பிரிவு ஒன்று காய்ந்துகொண்டிருப்பதை நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கண்ணில்லாமல் விட்டால் இது ஈயம். நீ கண்ணையும் வைச்சுப்போட்டு, விழுத்தி விளையாடக் குடுக்கிறாய். அப்பா இருந்தால் விட்டிருப்பாரே, பிள்ளை?" எங்கள் வீட்டில் சிப்பாயின் உருவம் ஒருபோதும் விளையாட்டுச் சாமானாக இருந்ததில்லை. அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் நான் 1815க்குப் பிந்திய படை எதற்கும் வேலை எடுப்பதில்லை. அண்ணாவுக்கு அது போதாது.

எச்.ஜி. வெல்ஸ் இருந்திருந்தால் அவருக்குப் பதில் சொல்லியிருப்பார். 1913இல் 'லிட்டில் வார்ஸ்' என்ற விதிப் புத்தகத்தை எழுதிய வெல்ஸ், இந்தச் சின்னப் போரை மூன்று நாலு தரம் ஆடியவனுக்குப் பெரிய போரின் அபத்தம் விளங்கிவிடும் என்று நம்பினார். நான் நம்பவில்லை. எனக்கு வேலை தருகிறவர்கள் சாதுவான மனிதர்கள், சட்டைக்கை மடிப்பின் நிறத்துக்கு மூன்று கடிதம் எழுதுவார்கள். ஆனால் ஆட்டத்தால் போர் வெறுத்துப்போனவர் என்று ஒருவரைக்கூட நான் காணவில்லை. போர் பிடித்துப்போனவரையும் காணவில்லை. வெல்ஸின் ஆட்டத்திலாவது வில்லுப் பீரங்கியிலிருந்து மரக்குச்சி பறந்து வந்து சிப்பாயை உண்மையாகவே விழுத்தும். இன்று பகடைதான் தீர்மானிக்கிறது. பழைய விதிப் புத்தகங்கள் சிலவற்றில் ஒரு பொம்மை 20 பேருக்குச் சமம். நான் வைக்கும் ஒரு சோடிக் கண்ணுக்குப் பின்னால் 20 பேர்! வில்லியம் சைபோர்ன் வாட்டர்லூ களத்தை மாதிரியாகச் செய்து 1838இல் லண்டனில் காட்டியபோது 70,000க்கும் மேற்பட்ட ஈயச் சிப்பாய்களை நிறுத்தினார். அரசாங்கம் இடைநடுவில் காசை நிறுத்தியதால் அவர் கடனாளியானார். கூலிக்காரி என்ற முறையில் அந்தக் கதையில் என் இரக்கம் முழுதும் அவர் பக்கம்.

அண்ணாவுக்கு நான் சொல்ல நினைத்தது மேசையைச் சுற்றி நடந்து பார்த்தால் விளங்கும். விளையாடுகிறவர் தன் படைக்குப் பின்னால் நிற்பார். அவருக்குத் தெரிவது முதுகுப்பைகளும் தொப்பியின் பின்புறமும்தான். முகங்கள் எல்லாம் எதிராளியைப் பார்க்கின்றன. முதல் தரக் கூலி கொடுத்து வாங்கிய கண்ணை, வாங்கியவர் விளையாட்டில் காண்பதில்லை. அந்தச் சிப்பாயை விழுத்தப் பகடை உருட்டப் போகிறவர் காண்கிறார். வாகனமும் இப்படித்தான். தோள் கொடுப்பவர்களுக்கு அப்பாவின் குதிரையின் கண் தெரியாது, எதிரே கும்பிட நிற்பவர்களுக்குத்தான் தெரியும். கோயிலுக்குப் போவதே பார்ப்பதற்கு மட்டுமல்ல, பார்க்கப்படுவதற்கும்தான். குதிரைக்குள் உயிர் வந்ததா என்று அப்பா ஒருநாளும் கேட்டதில்லை. காலை எடுத்தார், அவ்வளவுதான். அந்த மைத்துளி மரத்தை என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது, ஆனால் அப்பாவின் காலை அது என்ன செய்தது என்று கண்டிருக்கிறேன். சிங்களக் கலைஞனின் வாளுக்கும் இதுதான் விளக்கம் என்று நினைக்கிறேன். சிலைக்குள் எவரும் இல்லாவிட்டாலும், இனி அதன் முன்னால் நிற்கிறவன் பார்க்கப்படுகிறவன்.

என் கண்களைப் பார்த்து எவரும் பகடையைக் கீழே வைத்ததில்லை என்பது உண்மை. வைக்க வேண்டுமென்று நான் எதிர்பார்க்கவும் இல்லை, பார்சலும் கூலியும் நின்றுவிடும். ஆனால் அண்ணா சொல்வதுபோல் கண்ணை எடுத்துவிட்டால், விழுவது ஈயம் என்ற நிம்மதி எதிரே நிற்பவருக்குத்தான் போகும். அந்த நிம்மதியைக் குறைந்த விலைக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. கடைசித் தரத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாமா என்றும் யோசிக்கிறேன். கொதிக்கிற அரிசி விலையைப் பார்த்து ஒத்திப்போடுகிறேன்.

இப்போது மேசையில் இருப்பது வேறு மாதிரியான வேலை. இழப்பைக் குறிக்க மேசையில் வைப்பதற்கென்றே விழுந்து கிடக்கும் சிப்பாய்களை வார்த்து விற்கிறார்கள். ஒரு பெட்டி நிறைய வந்திருக்கிறது. எல்லாருக்கும் முதல் தரம் என்று சீட்டில் எழுதியிருக்கிறது. குப்புறக் கிடப்பவர்களால் எனக்குச் சிக்கலில்லை. மல்லாந்து கிடப்பவர்களை இரண்டு பக்கத்தாரும் மேலிருந்து பார்ப்பார்கள். இவர்களுக்குக் கண்ணை மூடினபடி தீட்டட்டுமா என்று கேட்டு எழுதினேன். மூடியிருந்தால் விலை குறையுமா என்று பதில் வந்தது. குறையாது, இமைக்கும் அதே வேலைதான் என்று எழுதிவிட்டேன்.