அறியாமை ஒரு சாக்காகுமா?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறை தானியக் குவியல் ஒன்றைக் கடந்து செல்லுகையில் அதனுள் கையை நுழைத்துப் பார்த்ததும், மேலே உலர்ந்திருந்த குவியல் உள்ளே ஈரமாயிருந்ததும் வணிகர்களாகிய நாம் அறிந்த வரலாறு. மழையில் நனைந்துவிட்டது என்றார் விற்றவர். மழை அவர் குற்றமன்று. நனைந்ததை மக்கள் காண மேலே வைக்காததே குற்றம் என்பது அவருக்கு உணர்த்தப்பட்டது. அறிந்து மறைப்பது மோசடி என்பதில் நமக்குள் இரு கருத்தில்லை. ஆனால், கையை நுழைத்தே பாராமல் ‘எனக்குத் தெரியாது’ என்பவரின் நிலை என்ன? பார்க்க விரும்பியும் வசதியற்றவரின் நிலை என்ன? இவ்விரு கேள்விகளையும் இன்று மருத்துவ உலகம் நம் முன் வைத்திருக்கிறது.

பெனிசிலின் முதலான ஆண்டிபயாட்டிக் மருந்துகளை நோய்க்கிருமிகள் எதிர்த்து நிற்கப் பழகிவருகின்றன. பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் பிளெமிங், 1945-ல் நோபல் பரிசு பெற்றபோதே, மருந்தைக் குறைந்த அளவில் உண்டால் கிருமிகள் அதை எதிர்க்கக் கற்றுக்கொள்ளும் என்று எச்சரித்தார். 2019-ல் மட்டும் இத்தகைய எதிர்ப்பே நேரடிக் காரணமாக உலகில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டதாக 2022-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி மதிப்பிடுகிறது. மக்கள் தொகையோடு ஒப்பிட்டால் சாவு மிகுந்த பகுதி மேற்கு ஆப்பிரிக்கா. கணக்கு மிகக் குறைவாகக் கிடைப்பதும் அத்தகைய ஏழை நாடுகளிலிருந்தே. 14 ஆப்பிரிக்க நாடுகளை ஆராய்ந்தபோது, சுமார் 50,000 பரிசோதனைக்கூடங்களில் இக்கிருமிகளைச் சோதிக்கக்கூடியவை 100-க்கு 1.3 மட்டுமே என்று தெரியவந்தது.

அச்சோதனை பெரிய மாய வித்தையன்று. நோயாளியின் இரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துத் தட்டில் பரப்பி, மருந்து தோய்ந்த சிறு வில்லைகளை அதன்மேல் வைப்பார்கள். மறுநாள், வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்று அளப்பார்கள். வட்டம் அகன்றிருந்தால் மருந்து பலிக்கும், குறுகியிருந்தால் பலிக்காது. தராசு பிடிக்கும் நமக்கு இது எளிதில் விளங்கும்.

‘மருந்துக்கே பணமில்லாத நாட்டிற்குச் சோதனை எதற்கு?’ என்று சிலர் கேட்கலாம். மலாவி நாட்டைப் பாருங்கள். பிளான்டயர் நகரின் குயீன் எலிசபெத் மத்திய ஆஸ்பத்திரியில் 1998 முதல், கடுங் காய்ச்சலோடு வருவோரின் இரத்தத்தைச் சோதித்துக் கணக்கு வைத்து வந்தார்கள். கிளெப்சியெல்லா என்னும் கிருமிகளில், செஃப்ட்ரியாக்ஸோன் வகை மருந்துகளை முறியடிப்பவை 2003-ல் 100-க்குச் சுமார் 12. 2016-லோ 100-க்குச் சுமார் 90! அக்கணக்கு இல்லாதிருந்தால், பலிக்காத மருந்தை வாங்கிக் கொண்டேயிருப்பார்கள், நோயாளி இறப்பார், மருந்து வீண், பணமும் வீண். சோதனை ஏழைக்கு ஆடம்பரமன்று. வீணாக்கச் சிறிதும் இல்லாதவனுக்கே அது மிகத் தேவை. அதுவும் ஒரே ஆஸ்பத்திரியோடு நின்றால் போதாது. ஒரு மூட்டையில் மாத்திரம் கம்பி குத்திப் பார்த்துக் கிடங்கு முழுவதற்கும் விலை பேசுவோமா?

‘குறையைக் கண்டு சொன்னால் நாட்டின் பெயர் கெடும், வியாபாரம் படுக்கும்’ என்பது மற்றொரு வாதம். இதில் உண்மை இல்லாமலில்லை. 2008-ல் சுவீடனில் ஒரு நோயாளியிடம் கண்டறியப்பட்ட எதிர்ப்புத்தன்மைக்கு நியூடெல்லியின் பெயரைச் சூட்டினார்கள். 2010-ல் அது பெரிதாகப் பேசப்பட்டபோது இந்தியாவில் கடும் ஆட்சேபம் எழுந்தது. ‘இம்மூட்டை நனைந்தது’ என்று உண்மை சொல்லும் கடைக்காரரை விட்டு, வாய்மூடியிருப்பவரிடம் நாம் கூட்டமாய்ச் சென்றால், மறுநாள் எவர் உண்மை சொல்வார்? பார்க்க முடிந்தும் பாராதவர் குற்றவாளியே. ஆயினும் பார்த்துச் சொன்னவரைத் தண்டிப்போர் அக்குற்றத்தில் பங்காளிகளாவர்.

இனி, வசதியற்றவரின் நிலை. அவர்மீது குற்றமில்லை, அவருடைய கடமை நம்மீது வந்து விழுகிறது. ஜனாஸாத் தொழுகையை ஊரில் சிலர் நிறைவேற்றினால் அனைவர் கடமையும் நீங்கும். ஒருவரும் நிறைவேற்றாவிடில் அனைவரும் பாவிகளாவர். இதையே பர்ளு கிபாயா என்கிறோம். கிருமிகளுக்குக் கடவுச்சீட்டில்லை. பிளான்டயரில் பாராமல் விட்டது எந்த ஊர் ஆஸ்பத்திரிக்கும் வந்து சேரலாம். ஆகவே, ஏழை நாட்டில் பார்ப்பதும் உலகத்தார் அனைவர் மீதுள்ள கூட்டுக் கடமை போன்றதே என்பது எங்கள் துணிபு.

உலக சுகாதார ஸ்தாபனம் 2015-ல் இதற்கென நாடுகளின் கணக்கைத் திரட்டும் ஏற்பாட்டைத் தொடங்கியது. அதே ஆண்டில் பிரிட்டிஷ் அரசாங்கம் பிளெமிங் பெயரால் நிதி அமைத்து, ஆப்பிரிக்க, ஆசிய நாடுகளில் பரிசோதனைக்கூடங்களுக்கு உதவியது. 2025-ல் அந்நிதியை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. ஒருவர் தோள் கொடுப்பதை விட்டால் பாரம் மறைந்துவிடுவதில்லை. மற்றவர் தோளுக்கு மாறுகிறது.

சகோதரர்களே! தர்ம வைத்தியசாலைக்கு மருந்து வாங்க 10 வெள்ளி ஸதகா கொடுக்கும்போது, அம்மருந்து பலிக்கிறதா என்று பார்க்க 1 வெள்ளியும் சேர்த்துக் கொடுப்போம். ‘சோதித்துப் பார்த்தீர்களா?’ என்று ஒரு வார்த்தை கேட்போம். அளவையில் நேர்மையை வற்புறுத்தும் மார்க்கத்தைச் சேர்ந்த நாம், அளவாமலே இருப்பதை நேர்மை என்று எண்ணலாகாது. வல்ல அல்லாஹ் நமக்குப் பார்க்கும் துணிவையும், பார்த்ததைச் சொல்லும் வாய்மையையும் தந்தருள்வானாக! ஆமீன்.