தளமும் தூணும்

கொல்லைப்புறத்து முற்றத்தில் மழைக்கு ஒதுங்க ஒரு தாழ்வாரம் இறக்க வேண்டியிருந்தது. நான்கு தூண்கள் போதும். கான்கிரீட் தளம்தான் கல்லைப் போலக் கிடக்கிறதே, அதன்மேலேயே தூணை நிறுத்தினால் என்ன என்று கொத்தனாரைக் கேட்டேன்.

“இது நடக்கிறதுக்குப் போட்ட தரை, ஸார். சுமக்கிறதுக்குப் போட்டதில்லே” என்றார் அவர்.

உண்மைதான். நான்கு அங்குலக் கனமுள்ள தளம் அது. கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்குவதில் மகாசூரன். இழுவிசையைத் தாங்குவதில் அந்த பலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். தூணின் பாரம் ஓரிடத்தில் இறங்கி அடிமண் சற்றே அமுங்கினால், தளம் வளைந்து விரிசல் விட்டுவிடும். ஆகவே, தளத்தை நான்கு இடங்களில் சதுரமாக வெட்டி, கெட்டி மண் வரை தோண்டி, அகலமாக அஸ்திவாரம் போட்டுத்தான் தூணை எழுப்ப வேண்டும்.

உளி விழுந்தபோது என் மனம் ஒப்பவில்லை. குற்றமற்ற ஒன்றை உடைப்பது நியாயமா?

ஆனால், சுமக்க இயலாததன்மேல் சுமையை ஏற்றிவிட்டு, அது பிளந்ததும் பழிப்பது மட்டும் நியாயமா? மனிதர்களிடம் நாம் அதைத்தானே செய்கிறோம்? தெருவில் கண்டால் நலம் விசாரிப்பவரை ஆருயிர் நண்பராக எண்ணி, ஆயுள் பாரத்தை அவர்மேல் இறக்குகிறோம். அவர் தளர்ந்தால் துரோகி என்கிறோம். தோண்டிப் பார்க்கச் சோம்பியவர்கள் நாம்; பழி அவருக்கு!

புதுக் கான்கிரீட்டின்மேல் கொத்தனார் ஈரச் சாக்கை விரித்தார். “ஒரு வாரம் காய விடாதீங்க, ஸார்.”

தளத்தில் நான்கு வடுக்கள் தெரிகின்றன. தெரியட்டும்.